தூக்கிச் செல்பவர்கள்: அவசர ஊர்தியும் பாதுகாப்பின் அரசியலும்

1

மருத்துவத்தின் வரலாறு என்று நம்மிடம் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் கட்டிடங்களின் வரலாறுதான். புதுக்கோட்டையில் சமஸ்தானத்தின் நினைவைச் சுமந்து நிற்கிறது ராணியார் மருத்துவமனை. அதே நகரத்தில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கள் பொன்னமராவதியில், வலையபட்டி அரசு மருத்துவமனை பாப்பாயி ஆச்சி பெயரைத் தாங்கி நிற்கிறது. கட்டியவர் பெயர், கொடுத்தவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர் என்று கல்வெட்டுகளுக்குக் குறைவில்லை. ஆனால் பொன்னமராவதிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் சுமார் 40 கிலோமீட்டர் சாலை கிடக்கிறது. மாரடைப்பு வந்தவரோ, பனிக்குடம் உடைந்தவரோ, பூச்சிமருந்து குடித்தவரோ உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் பல நேரங்களில் அந்தச் சாலையில்தான் தீர்மானமாகிறது. அதற்குக் கல்வெட்டு கிடையாது.

ஃபூக்கோவின் 'மருத்துவமனையின் பிறப்பு' (1963) நம்மில் பலருக்கு மருத்துவத்தை அதிகாரமாக வாசிக்கச் சொல்லிக்கொடுத்த நூல். நோயாளியின் உடல் மீது படியும் மருத்துவனின் பார்வையைப் பற்றி அதில் படித்தோம். ஆனால் அந்தப் பார்வை தொடங்குவதே படுக்கையருகில்தான். அந்த உடலைப் படுக்கைவரை கொண்டுவந்து சேர்த்தவர் யார், அவருடைய உடலுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி நமது சொல்லாடலுக்குள் வரவே இல்லை. நாம் நோயாளியின் பக்கம் நின்று பேசினோம். மருத்துவரின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டோம். இரண்டும் தேவையானவை. ஆனால் இருவருக்கும் நடுவில் ஸ்டிரெச்சரின் இரு முனைகளைப் பிடித்திருப்பவர்கள் கோட்பாட்டிலும் இல்லை, கல்வெட்டிலும் இல்லை.

அந்த இரு முனைகளில் இருப்பவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

2

காயம்பட்டவனைத் தூக்கப் போகிறவனைச் சுடக்கூடாது என்ற எண்ணம் மனிதகுலத்துக்கு இயல்பாக வந்துவிடவில்லை. அது போரில், பேரம் பேசிப் பெற்ற ஒரு விதி. 1790களில் நெப்போலியப் படைகளின் அறுவை மருத்துவர் லாரே, சண்டை முடியும்வரை காத்திராமல் களத்துக்குள்ளேயே ஓடிப்போய்க் காயம்பட்டோரை அள்ளிவரும் குதிரை வண்டிகளை உருவாக்கினார். 1859இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்தவர்களைப் பார்த்த ஹென்றி துனாண்டின் முயற்சி, 1864இல் ஜெனிவா உடன்படிக்கையில் போய் நின்றது.

அந்த உடன்படிக்கையின் முதல் இரண்டு விதிகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் என்பது அன்று களமருத்துவமனையைக் குறித்தது. காயம்பட்டோர் உள்ளே இருக்கும்வரை அது நடுநிலையானது என்கிறது முதல் விதி. இரண்டாவது விதி ஆட்களைப் பற்றியது. பணியில் இருக்கும்போதும், தூக்கிவர வேண்டிய காயம்பட்டோர் ஒருவராவது மிஞ்சியிருக்கும்வரையிலும், போக்குவரத்துப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் அந்த நடுநிலை உண்டு என்கிறது. அதாவது கட்டிடத்தின் பாதுகாப்பு உள்ளிருக்கும் நோயாளியால் வருகிறது. தூக்குபவரின் பாதுகாப்போ இன்னும் தூக்கப்படாத நோயாளியால் வருகிறது. கையில் நோயாளி இல்லாமல் போகிறவரும் பாதுகாக்கப்பட வேண்டியவர்தான். இந்த நுட்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 161 வருஷம் கழித்துத் தமிழ்நாட்டுச் சாலையில் இதே கேள்வி வரப்போகிறது.

காலனியில் கதை வேறு. இங்கே பிரிட்டிஷ் படைகளின் காயம்பட்டோரைச் சுமந்தவர்கள் டோலித் தூக்கிகள். படையோடு போனார்கள், ஆனால் படைவீரர்கள் அல்லர். 1857 செப்டம்பரில் லக்னோவில் காயம்பட்டோரின் டோலி வரிசை ஒன்று வழிதவறிக் குண்டுமழைக்குள் மாட்டிக்கொண்டது. அங்கே நின்று போராடிய மருத்துவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. தூக்கிகளுக்குக் கிடைத்தது 'டோலியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்' என்ற ஒற்றை வரி. துப்பாக்கியும் இல்லாமல், படைவீரனுக்குரிய தகுதியும் இல்லாமல், தனக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் நிற்கிறவன் ஓடாமல் என்ன செய்வான் என்று அந்த வரலாறு கேட்கவில்லை.

இன்னொரு சம்பவம் நமக்கு நெருக்கமானது. 1899இல் போயர் போர் தொடங்கியபோது நேட்டாலில் காந்தி இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். சுமார் 1100 பேர். அதில் 300 பேர் அளவில் சுதந்திர இந்தியர்கள், 800 பேர் அளவில் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. குண்டு விழும் எல்லைக்கு வெளியேதான் வேலை என்பது முதல் ஏற்பாடு. ஸ்பியான் கோப் சண்டையின்போது அந்த எல்லை தாண்டப்பட்டது. ஒரு நாளைக்கு 20, 25 மைல் ஸ்டிரெச்சரைச் சுமந்து நடந்தார்கள். போருக்குப்பின் பதக்கம் வந்தது, தலைவர்களுக்கு மட்டும். சுமந்த கூலிகளுக்கோ, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி என்ற 1895ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே காத்திருந்தது.

காந்தியின் வாழ்க்கையில் இது ஓர் அத்தியாயம். அந்த 800 பேரின் வாழ்க்கையில் இது என்னவாக இருந்தது? நமது தேசியக் கதையாடலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

3

சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். 1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஸ்டியரிங் பிடிப்பவனும் மனிதன்தான், அவனுக்குத் தூக்கம் வரும் என்று அரசு ஒப்புக்கொண்ட சட்டம் அது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், இடையில் ஓய்வு, ஓய்வறை, சீருடை என்றெல்லாம் அதில் உண்டு. பஸ், லாரித் தொழிலாளர்கள் போராடிப் பெற்றது. அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நோயாளிகளையும் காயம்பட்டோரையும் ஏற்றிச்செல்லும் வண்டிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அடுத்த வரியில் விலக்கப்பட்டிருப்பவை நாட்டின் பாதுகாப்புக்கும் பொது ஒழுங்குக்கும் பயன்படும் வண்டிகள்.

இந்த விலக்கைச் சற்று நிதானித்து வாசிக்க வேண்டும். அவசரம் என்பது நோயாளிக்கு. ஆனால் சட்டம் அந்த அவசரத்தை ஓட்டுநரின் தலையில் நிரந்தரமாக ஏற்றி வைத்துவிட்டது. நோயாளிக்கு அவசரம் சில மணி நேரம். ஓட்டுநருக்கு அது உத்தியோகம் முழுக்க. ஆம்புலன்ஸ் ஓட்டுபவரை லாரி ஓட்டுபவரிடமிருந்து பிரித்து, ராணுவ வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆனால் ராணுவத்துக்குரிய ஓய்வூதியமோ மரியாதையோ கூட வரவில்லை. அந்தச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விலக்கு உருவாக்கிய மனப்பழக்கம் போகவில்லை.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15இல் தொடங்கியது. அதற்கு முன் எங்கள் பக்கத்தில் விபத்தென்றால் கிடைத்த டாக்சி, மினி லாரி, அதுவும் இல்லையென்றால் கயிற்றுக் கட்டில். காசில்லாதவனுக்கும் வண்டி வரும் என்பது சாதாரண மாற்றமல்ல. அதைக் குறைத்துச் சொல்வது இடதுசாரி வறட்டுத்தனம். இன்று 1300க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஆனால் அமைப்பைப் பாருங்கள். பணம் அரசுடையது, நிர்வாகம் ஒப்பந்தத்தின் பேரில் தனியாருடையது, தொழிலாளி இரண்டுக்கும் நடுவில். 12 மணி நேர முறையை எட்டு மணி நேரமாக்கு, பணியை நிரந்தரமாக்கு என்பவை சங்கங்களின் நெடுநாள் கோரிக்கைகள். ஓட்டுநருக்கு இந்த அமைப்பு வைத்திருக்கும் பெயர் 'பைலட்'. விமானி எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதற்கு விதி உண்டு. பெயரை மட்டும் இரவல் வாங்கினார்கள், விதியை வாங்கவில்லை.

இது உலகத்தில் வேறெங்கும் இல்லாததுமல்ல. 1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலை கிடைக்காத கறுப்பின மக்களுக்கு மருத்துவர் பீட்டர் சாஃபர் முறையான பயிற்சி தந்தார். இன்றைய பாராமெடிக் முறைக்கு முன்னோடிகள் அவர்கள். 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியதும் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. முன்னோடிகள் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டார்கள். முறை நிலைத்தது, உருவாக்கியவர்கள் நிலைக்கவில்லை.

4

108 தொடங்கிய அதே 2008இல் தமிழ்நாடு அரசு இன்னொரு சட்டமும் போட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினாலோ மருத்துவ நிறுவனச் சொத்தைச் சேதப்படுத்தினாலோ 3 ஆண்டு முதல் 10 ஆண்டுவரை சிறை. அப்படியானால் பாதுகாப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

2019 ஏப்ரல். நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த கையோடு, முத்தரையர் சமூகப் பெண்களை இழிவுபடுத்திய வாட்ஸ்அப் ஒலிப்பதிவு ஒன்று எங்கள் பொன்னமராவதியைப் பற்றவைத்தது. காவல் நிலையத்தின்மீது கல் விழுந்தது. போலீஸ் வண்டிகள் உடைந்தன. 49 வருவாய் கிராமங்களில் 144 தடை உத்தரவு. அவமதிக்கப்பட்ட சமூகத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கோபத்தில் இருக்கும் கூட்டத்துக்குச் சிவப்பு விளக்கும் சைரனும் உள்ள வண்டியெல்லாம் ஒன்றுதான், அரசாங்கம். அந்த நேரத்தில் போலீஸ் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வித்தியாசம் காட்டுவது எது? எங்கள் மாவட்டத்தில் ஜல்லிக்கட்டு, தேரோட்டம், தேர்தல் என்று கூட்டம் கூடாத மாதமில்லை. கூட்டத்துக்குள் எப்படிப் போவது, எப்போது பின்வாங்குவது, போலீஸோடு எவ்வளவு தூரம் ஒட்டி நிற்பது என்பவை அங்கு வண்டி ஓட்டுகிறவருக்கு அன்றாடக் கேள்விகள்.

2020 ஏப்ரல் 19. சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கவிடாமல் வேலங்காட்டில் கூட்டம் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. ஓட்டுநர்கள் ரத்தக் காயத்தோடு ஓட வேண்டியிருந்தது. பிறகு சக மருத்துவர் பிரதீப் குமார் தன் கையாலேயே மண் தள்ளி நண்பரைப் புதைத்தார். நாடே தலைகுனிந்தது. உடல் அடக்கத்தைத் தடுப்பது குற்றம் என்று மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. பம்பாய் பிளேக் காலத்தில் மக்களை அடக்கப் பிறந்த 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தை மத்திய அரசு திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவதற்குத் தண்டனை வைத்தது. இரண்டு மருத்துவர்களின் பெயரும் நம் எல்லோருக்கும் தெரியும். தெரியத்தான் வேண்டும். மண்டை உடைந்த ஓட்டுநர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? லக்னோவுக்கும் வேலங்காட்டுக்கும் இடையே 163 ஆண்டுகள்.

2025 ஆகஸ்ட் 18. வேலூர் மாவட்டம் அணைக்கட்டில் எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமியின் கூட்டத்துக்குள் ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. நோயாளி இல்லாத வண்டியை வேண்டுமென்றே அனுப்புகிறார்கள் என்று குற்றம்சாட்டிய அவர், அடுத்த முறை இப்படி வந்தால் ஓட்டி வருபவரே நோயாளியாகப் போவார் என்ற பொருளில் பேசினார். ஆறு நாள் கழித்துத் துறையூரில், அவர் கட்சிக் கூட்டத்துக்கு வந்த வண்டி மறிக்கப்பட்டது, உள்ளே இருந்த பணியாளர்கள் தாக்குதலுக்கு ஆளானார்கள். ஆளுங்கட்சி கண்டித்தது. 10 ஆண்டு சிறை என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் நினைவூட்டப்பட்டது.

இங்கே ஒரு கட்சியைக் குறைசொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. வேறு கட்சிக்காரரும் வேறு நாளில் இதையே கேட்கக்கூடும். ஏனென்றால் 'காலி வண்டிக்கு இங்கென்ன வேலை' என்பது பொதுப்புத்தியில் ஊறியிருக்கும் கேள்வி. காலி ஆம்புலன்ஸ் என்றால் யாரையோ ஏற்றப் போகிற ஆம்புலன்ஸ், அவ்வளவுதான். 1864இன் இரண்டாவது விதிக்குப் புரிந்தது நம் மேடைகளுக்கு இன்னும் புரியவில்லை. அடுத்த மாதமே, செப்டம்பர் 27இல், கரூரில் விஜய் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸுக்குப் பாதை விடுவது பெருந்தன்மை சம்பந்தப்பட்டதல்ல. கூடியிருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது.

5

தண்டனைச் சட்டங்கள் எல்லாம் ஒரே ஒரு ஆபத்தைத்தான் பார்க்கின்றன: வெளியிலிருந்து வரும் கை. பொன்னமராவதிப் பக்கம் ஆம்புலன்ஸ் ஓட்டிய ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். எந்த வண்டி, எந்த நிர்வாகம் என்பது இங்கே வேண்டாம். "அடிக்கிறவன் வருஷத்துக்கு ஒருத்தன்ணே. தூக்கம்தான் தெனம் அடிக்கிது" என்றார். பிறகு, "சின்னப்புள்ள ஒண்ணு வண்டியிலயே போயிருச்சு. எறக்கிவிட்டு, வண்டியக் கழுவிட்டு, அடுத்த கேஸுக்குப் போயாச்சு. யாரும் ஒரு வார்த்த கேக்கல" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. தூக்கமின்மையை யார்மீது வழக்குப் போடுவது? கூட்டத்தைக் குற்றவாளி ஆக்கும்போது அரசு பாதுகாவலனாகிவிடுகிறது. வேலை நேரத்தைக் கேள்வி கேட்டால் அதே அரசும் ஒப்பந்ததாரரும் குற்றவாளிக் கூண்டுக்கு வரவேண்டும். ஆகவேதான் முதல் ஆபத்துக்கு 10 ஆண்டு சிறை, இரண்டாவதற்கு மௌனம். தாக்கப்படும்போது 'கடவுளுக்குச் சமமானவர்கள்', உரிமை கேட்கும்போது 'மக்கள் உயிரோடு விளையாடுகிறவர்கள்'. 2003இல் எஸ்மா சட்டத்தில் சுமார் 1,70,000 அரசு ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டதையும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நாம் மறந்துவிடவில்லை. நிரந்தர ஊழியர்களுக்கே அந்தக் கதியென்றால் ஒப்பந்தத் தொழிலாளியின் குரலுக்கு என்ன கதி?

ஆகவே இயக்கங்களில் இருக்கும் நண்பர்களுக்குச் சில சொல்லத் தோன்றுகிறது. நமது ஊர்வலங்களிலும் கூட்டங்களிலும் ஆம்புலன்ஸ் பாதையை நாமே வகுத்து, ஆள் நிறுத்தி, மேடையிலிருந்து அறிவிக்க வேண்டும். போலீஸ் செய்யட்டும் என்று விடக்கூடாது. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையை அந்தத் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் நோயாளியின் கோரிக்கையாகவும் ஏற்க வேண்டும், தூங்கி வழியும் ஓட்டுநர் கையில் இருப்பது நம் வீட்டு உயிர்தான். மரணத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் பேசவும் உட்காரவும் ஓர் அறையும், அடுத்த அழைப்புக்குமுன் சற்று நேரமும் வேண்டும் என்று கேட்க வேண்டும். வரலாறு எழுதுகிறவர்கள், மாவட்ட வரலாற்றில் மருத்துவமனை கட்டியவர் பெயரோடு, அதற்கு வழியெல்லாம் சுமந்தவர்களின் வாய்மொழியையும் இப்போதே பதிவுசெய்ய வேண்டும். நேட்டாலின் 800 பேரிடம் கேட்க இனி ஆளில்லை. வலையபட்டி ஆஸ்பத்திரி வாசலில் இன்றைக்கு வண்டியை நிறுத்தியிருப்பவரிடம் கேட்கலாம்.