திரும்பத் தவறிய குடல்

நான் தொடக்கப் பள்ளியில் பயின்ற நாளில் எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். நான்காம் நாள் பச்சை நிறமாக வாந்தியெடுத்தாள். மறுநாள் அவள் இல்லை. தோஷம் என்றனர் பெரியோர். அவளுக்கு உற்ற நோய் இன்னதென்று அறுதியிட என்னால் இயலாது. ஆயினும் அப்பச்சை நிறத்தின் பொருளை, ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர், மருத்துவ வரலாற்று நூல்களில் கற்றேன்.

கருவின் ஆறாம் வாரத்தில் குடல் வயிற்றினுள் இடம் போதாமையால் கொப்பூழ்க்கொடிக்குள் புகுந்து வளர்கிறது. பத்தாம் வார அளவில் அது வயிற்றினுள் மீள்கிறது. இதற்கிடையே, தன்னை ஊட்டும் குருதிக் குழாயை அச்சாகக் கொண்டு 270 பாகை சுழன்று, உரிய இடங்களில் பொருந்துகிறது. அச்சுழற்சி குறைபட்டால், குடல் அகன்ற பிடிப்பின்றிக் குறுகிய காம்பொன்றில் தொங்கும். காம்பு முறுக்கிக்கொண்டால் வழி அடைபடும்; குருதியோட்டமும் நின்றுபோகும். சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். பித்தம் வந்து சேரும் இடத்துக்குக் கீழே அடைப்பு நேர்வதால் வாந்தி பச்சையாகிறது.

இக்கோளாற்றை 1923-இல் எடின்பரோ நகரத்து நார்மன் டாட் தெளிவுற ஆராய்ந்து எழுதினார். மருந்தினால் தீராத இதற்குச் செம்மையான அறுவை முறையை வகுத்தவர் பாஸ்டன் நகரத்து வில்லியம் லாட். 1917 டிசம்பர் 6-இல் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உதவிக்கு விரைந்த மருத்துவர்களுள் அவரும் ஒருவர். அங்குக் கண்ட குழந்தைகளின் துயரமே அவரைக் குழந்தை அறுவை மருத்துவத்துக்குத் திருப்பிற்று என்பர். அதனை ஐயுறுவோரும் உளர்.

முறுக்கை அவிழ்த்தால் மட்டும் போதாது என்று லாட் கண்டார். முன்சிறுகுடலின் குறுக்கே கிடந்து அதனை அழுத்தும் இழைக்கட்டுகளையும் அறுத்தல் வேண்டும். பின்னர்ச் சிறுகுடலை வலப்புறமும் பெருங்குடலை இடப்புறமும் கிடத்திக் காம்பை அகலப்படுத்தினார். இயற்கை வகுத்த இடத்தில் குடலை வைக்க அவர் முயலவில்லை. மீண்டும் முறுக்காத இடத்தில் வைத்தார். குறையை முற்றும் திருத்த இயலாதபோது கேடு வாராமல் காப்பதே அறிவு என்னும் பாடம் இதில் உண்டு. 1936-இல் அவர் வெளியிட்ட அம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பிறந்த குழந்தை பச்சையாக வாந்தியெடுத்தால், காரணம் எதுவாயினும், அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள். எங்கள் வீட்டில் அன்று விடியலுக்காகக் காத்திருந்தோம்.