மீன் தீவனம்: மூட்டை விலை மட்டும் பார்த்தால் போதாது

பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்போருக்குத் தீவனமே பெரிய செலவு. புதுக்கோட்டை மாவட்டத்தில் நிலக்கடலையும் நெல்லும் விளைவதால் கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் அருகிலேயே கிடைக்கும்.

விலை குறைவு என்று தவிட்டை மட்டும் இடாதீர்கள். புண்ணாக்கில் புரதம் சுமார் 40 சதவீதம். தவிட்டில் சுமார் 12 சதவீதம்தான். புண்ணாக்கு கிலோ 48 ரூபாய், தவிடு 18 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ புரதத்துக்குப் புண்ணாக்கில் 120 ரூபாயும் தவிட்டில் 150 ரூபாயும் ஆகும்.

இரண்டையும் சம எடையில் கலந்தால் புரதம் 26 சதவீதம். கிலோ 33 ரூபாய். ஒரு கிலோ மீன் வளர இந்தக் கலவை 3 கிலோ செலவானால் 99 ரூபாய், 2.5 கிலோவில் முடிந்தால் 82.50 ரூபாய். ஆகவே வீணாவதைக் குறைப்பதே லாபம்.

• கலவையை நீரில் பிசைந்து, துளையிட்ட பைகளில் இட்டுக் குட்டையில் கட்டித் தொங்கவிடுங்கள்.
• மறுநாள் பையில் மீதமிருந்தால் அளவைக் குறையுங்கள்.
• மேகமூட்டமான நாட்களில் தீவனத்தைக் குறையுங்கள்.
• பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும்.
• இட்ட தீவனத்தையும் பிடித்த மீனின் எடையையும் நோட்டில் குறித்து வாருங்கள்.

மேலும் விவரங்களுக்கு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.