வேளை தப்பிய பாட்டு

1904 ஏப்ரலில் ரோம் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாட்டான கிரகோரியன் இசைக்காக ஒரு மாநாடு கூடியது. முதலாம் கிரகோரி திருத்தந்தை இறந்து 1300 ஆண்டு ஆனதையொட்டிய கூட்டம். துறவிகளும் குருமாணவர்களும் லத்தீனில் பாடினார்கள். லண்டன் கிராமஃபோன் கம்பெனியின் ஆட்கள் பெரிய ஒலிக்குழாயை அவர்கள் முன்னால் நிறுத்தி அந்தப் பாட்டை இசைத்தட்டில் பிடித்தார்கள். மைக் வைத்துப் பதியும் முறை வர இன்னும் இருபது ஆண்டு இருந்தது. குழாயின் வாயை நெருங்கி நின்று பாடினால்தான் குரல் தட்டில் ஏறும்.

மாநாட்டுப் பாட்டு இசைத்தட்டில் ஏறியதைச் சாதனை என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அன்று அந்தப் பாட்டு ஒன்றைத் தொலைத்தது என்பது என் எண்ணம். தொலைந்தது அதன் வேளை.

ஆறாம் நூற்றாண்டில், இத்தாலியின் மோந்தே காசினோ மலையில் மடம் நடத்திய புனித ஆசீர்வாதப்பர் தன் துறவிகளுக்கு ஒரு ஒழுங்கு எழுதினார். அதில் செபத்துக்கு மட்டும் பல அதிகாரங்கள். இரவின் எட்டாம் மணிக்கு எழவேண்டும். பகலில் ஏழு முறை கூடவேண்டும். விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்கவேண்டும். முந்தைய தந்தையர் ஒரே நாளில் முடித்ததைச் சோம்பேறிகளான நாம் ஒரு வாரத்திலாவது முடிக்க வேண்டாமா என்று அவரே குத்திக் காட்டுகிறார். எந்தத் திருப்பாடல் எந்த வேளைக்கு என்பதும் அங்கே வகுக்கப்பட்டிருக்கிறது. விடியலில் பாடுவதை மாலையில் பாட முடியாது. மணி அடித்ததும் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வரவேண்டும்.

இந்தப் பாட்டெல்லாம் முதலில் நெஞ்சில்தான் இருந்தது. மூத்தவர் பாட இளையவர் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் சொற்களுக்கு மேலே சிறு கோடுகளும் கொக்கிகளும் எழுதத் தொடங்கினார்கள். 920-களில் எழுதப்பட்ட ஒரு பாட்டு ஏடு ஸ்விட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மட நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அதிலுள்ள குறிகள் சுரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும், எவ்வளவு என்று காட்டாது. பாட்டை ஏற்கெனவே அறிந்தவனுக்குத்தான் அவை உதவும். பதினோராம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரத்து குயிதோ கோடுகளைப் போட்டு அவற்றின் மேல் சுரங்களை ஏற்றினார். பத்து ஆண்டில் கற்றதை ஓரிரண்டு ஆண்டில் கற்றுத்தருவேன் என்பது அவருடைய பேச்சு. சுரங்களுக்கு அவர் பெயர் எடுத்தது திருமுழுக்கு யோவான் திருநாளின் செபவேளைப் பாட்டு ஒன்றிலிருந்து. அதன் முதல் ஆறு அடிகளில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே தொடங்கும். இன்று மேற்கத்திய இசை படிக்கும் பிள்ளைகள் சொல்லும் தோ ரே மி அங்கிருந்து வந்ததுதான்.

பிறகு பாட்டு புத்தகத்தில் ஏறியது, பாட்டாக இல்லாமலே ஏறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்த பிரான்சிஸ்கன் துறவிகளுக்குப் பெரிய பாட்டு ஏடுகளைத் தூக்கிச் செல்ல வழியில்லை. வேளைச் செபம் முழுவதையும் சுருக்கிய கைநூல் அவர்கள் வழியாகத்தான் எங்கும் பரவியது. தனியாக இருக்கும் குருவானவர் அதைப் பாடாமல் வாசித்தால் போதும், ஆனால் உதடாவது அசையவேண்டும் என்று விதித்தார்கள். 1540-இல் பிறந்த இயேசு சபை கூடிப் பாடும் கடமையே வேண்டாம் என்று முடிவுசெய்தது. முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தச் சபைக்காரர். நம் கடற்கரை ஊர்களில் கோயில் மணி மூன்று வேளை அடித்து மூவேளைச் செபம் சொல்லும் வழக்கம் நிலைத்ததும் திருப்பாடல்களை வேளைக்கு வேளை பாடும் வழக்கம் வேரூன்றாததும் ஏன் என்பதற்கு இது ஓரளவு விடை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் பழைய மெட்டுகள் வெட்டப்பட்டும் ஒட்டப்பட்டும் உருமாறிப் போயிருந்தன. பிரெஞ்சுப் புரட்சியில் மூடப்பட்டிருந்த சொலெம் மடத்தை 1833-இல் பிராஸ்பர் கெராஞ்ஜே மீண்டும் திறந்தார். அவருடைய துறவிகள் நூலகம் நூலகமாக ஏறி இறங்கிப் பழைய ஏடுகளைப் படியெடுத்தார்கள். ஆனால் ரோம் வேறொரு திருத்தப்பட்ட பதிப்புக்கு ஒப்புதல் தந்திருந்தது. அதை அச்சிடும் தனியுரிமை ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பதிப்பகம் ஒன்றிடம் 30 ஆண்டுக்கு இருந்தது. நாங்கள் சொல்வதுதான் பழைய மெட்டு என்று துறவிகள் சொன்னால் யார் நம்புவார்?

அங்கேதான் முதல் எந்திரம் உள்ளே வந்தது. கிராமஃபோனுக்கு முன்பே கேமரா வந்துவிட்டது. 1889-இலிருந்து ஆந்த்ரே மொக்ரோ என்ற துறவி ஏடுகளைப் புகைப்படம் எடுத்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட 200-க்கும் மேற்பட்ட ஏடுகளில் அது எப்படி இருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் படத்தில் காட்டினார். இங்கிலாந்தில் எழுதியதும் இத்தாலியில் எழுதியதும் ஒரே மெட்டைச் சொல்லின. வாதாட வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1903 நவம்பரில் திருத்தந்தை பத்தாம் பயஸ் பழைய மெட்டே திருச்சபையின் மெட்டு என்று ஆணையிட்டார். அப்போது சொலெம் துறவிகள் சொந்த மடத்திலேயே இல்லை. துறவு சபைகளை ஒடுக்கிய 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரான்சை விட்டு இங்கிலாந்தின் வைட் தீவில் தங்கியிருந்தார்கள். திரும்பியது 1922-இல்.

இந்த வெற்றியையும் சேர்த்துக் கொண்டாடியது 1904 மாநாடு. மொக்ரோவும் அவருக்கு மூத்த ஆய்வாளரான ஜோசப் பொத்தியேயும் அதில் பாடல் குழுக்களை நடத்தினார்கள். ஆனால் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் இடமில்லை. மாலை செபத்தை ஒழுங்காகப் பாடினால் அரைமணி நேரம் போய்விடும். ஆகவே எது தட்டுக்குள் அடங்கியதோ அது பதிவானது. திருப்பலிப் பாடல்களும் தனித்தனி முன்மொழிகளும் உள்ளே வந்தன, திருப்பாடல்கள் வெளியே நின்றன. 1930-இல் சொலெம் மடத்திலேயே ஜோசப் கஜார் தலைமையில் பதிந்த புகழ்பெற்ற இசைத்தட்டுகளும் இப்படித்தான். மக்கள் கேட்டது நகைகளை மட்டும். நகை அணிந்திருந்த உடம்பு, அதாவது நாள் முழுதும் எளிய மெட்டுகளில் ஓடும் திருப்பாடல் ஓதல், யாருக்கும் தெரியாமலே போனது.

பதிவு என்றால் வேளை போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்தது. அறுபது ஆண்டு கழிந்தும் அதை யாரும் மாலை ஆறு மணிக்குப் போடுவதில்லை. அதைக் கேட்டாலே பல் தேய்க்கும் ஞாபகம் வருகிறவர்கள் நம்மில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். கிரகோரியன் இசைத்தட்டு வாங்கிய ஐரோப்பியனுக்கு அது ஏன் அமையவில்லை? சுப்ரபாதம் முழுதாக வந்தது, இது துண்டாக வந்தது என்பது ஒரு காரணம். திருச்சபையே தடுத்தது என்பது இன்னொன்று. 1958 செப்டம்பரில் வத்திக்கான் வெளியிட்ட திரு இசை பற்றிய அறிவுரை, வழிபாட்டில் கிராமஃபோன், வானொலி, டேப் ரெக்கார்டர் எதுவும் கூடாது, பாடுகிறவர்களுக்குத் துணையாகக்கூட ஒலிக்கவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. கற்றுக்கொள்ளப் பயன்படுத்தலாம் என்று சலுகை தந்தது. அந்தத் தடையில் நியாயம் இருந்தது. கோயிலில் எந்திரம் பாடினால் மக்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நம்மூர்க் கோயில்களில் பூசைக்கு முன் ஒலிபெருக்கியில் அலறும் பாட்டுகளைக் கேட்டால் எனக்கு அந்த அறிவுரையின் மேல் மரியாதை கூடுகிறது.

பாட்டுக்கு வேளையை மீட்டுக் கொடுக்கத் தொடங்கியது வானொலி. 1926 அக்டோபர் 7 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து மாலை வழிபாட்டை பிபிசி நேரடியாக ஒலிபரப்பியது. ஆங்கிலிக்கன் சபை பதினாறாம் நூற்றாண்டிலேயே எல்லா வேளைகளையும் காலை, மாலை என இரண்டாகச் சுருக்கிவிட்டிருந்தது. அந்த மாலை வழிபாடு இன்றும் வாரந்தோறும் ஒலிபரப்பாகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் புனித மாற்கு பேராலயத்தில் 1956-இல் பீட்டர் ஹாலக் ஆண்கள் சிலரைச் சேர்த்து ஞாயிறு இரவு செபத்தைப் பாடத் தொடங்கினார். 1962-இலிருந்து வானொலி அதை நேரலையாகக் கொடுத்தது. கோயிலுக்கே போகாத இளைஞர்கள் ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு அங்கே வந்து தரையில் படுத்துக் கேட்கும் வழக்கம் அப்படித்தான் வளர்ந்தது.

வேளைச் செபங்களில் அதிகம் பதிவானது படுக்கைக்கு முந்திய இந்த இரவு செபம்தான். காரணம் எளியது. ஆசீர்வாதப்பர் ஒழுங்கில் அது தினமும் ஒன்றே, அதே மூன்று திருப்பாடல்கள், வருடம் முழுவதும். நெட்டிசைத்தட்டு (எல்.பி.) வந்து ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு இடம் கிடைத்ததும் அது முழுதாக உள்ளே அமர்ந்தது. ஒரே தட்டு 365 இரவுக்கும் போதும். மாலை செபத்துக்கு அப்படி முடியாது. நாளுக்கு நாள், திருநாளுக்குத் திருநாள் மாறும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து 1971-இல் புதிய லத்தீன் செபநூல் வந்தது. திருப்பாடல்கள் நான்கு வாரத்தில் பரவின. பிறகு அந்தந்த நாட்டு மொழிகளிலும் வந்தது, தமிழில் திருப்புகழ்மாலை. பொதுநிலையினரும் சொல்லலாம் என்று கதவு திறந்த அதே நேரத்தில் மெட்டு கையில் இல்லை. வீட்டில் தனியாக இருப்பவர் அதை வாசித்தார், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கூத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990-இல் எனிக்மா என்ற குழு, மியூனிக் பாடல் குழு ஒன்றின் பதிவிலிருந்து குருத்தோலை ஞாயிறு பவனிப் பாட்டைக் கேட்காமல் எடுத்து நடனத் தாளத்தில் போட்டுப் பெரும்பணம் சம்பாதித்தது, பிறகு வழக்கும் வந்தது. 1994-இல் ஸ்பெயினின் சீலோஸ் மடத்துத் துறவிகள் பல ஆண்டுக்கு முன் பதிந்திருந்த பாடல்கள் புதிய அட்டையோடு வெளியாகி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தன. மன அழுத்தம் தீர, தூக்கம் வர என்று விற்றார்கள். விடியல் பாட்டைக் கேட்டு மக்கள் தூங்கினார்கள்.

இணையம் வந்தபின் நடந்ததுதான் எனக்கு வியப்பு. பிரான்சின் தெற்கில் லெ பாரு மடத்துத் துறவிகள் தங்கள் வேளைகளை லத்தீனில் நேரலையாக ஒலிபரப்புகிறார்கள். வேளை அங்கே பத்திரமாக இருக்கிறது, ஆனால் அது அவர்களுடைய வேளை. அங்கே இரவு எட்டுக்கு முன் தொடங்கும் கடைசி செபம் நமக்குக் கோடையில் பதினோரு மணிக்கு மேல் வரும், குளிர்காலத்தில் நள்ளிரவைத் தாண்டிவிடும். இந்தக் குறையைத் தீர்த்தது அதே வட்டாரத்து ஜூக் மடத்து ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர். 2019-இல் அவர்கள் பாடுவதையெல்லாம் கோயிலில் வைத்த மைக்குகள் பதியத் தொடங்கின. ஸ்டுடியோ கிடையாது. செபம் நடக்கும்போதே பதிவும் நடந்தது. திருவழிபாட்டின் மூன்றாண்டுச் சுழற்சி முழுவதையும் பதிவது திட்டம், கணக்கு 7000 மணி நேரத்துக்கு மேல். நியூம்ஸ் என்ற செயலியைத் திறந்தால் அன்றைய தேதிக்கு உரிய செபம் வருகிறது. பாட்டு ஓடும்போது சதுரச் சுரக்குறிகள் திரையில் கூடவே நகர்கின்றன. 1904-இல் வெளியே நின்ற திருப்பாடல்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

இவற்றைக் கேட்பது செபமா என்று கேட்பார்கள். கேட்பதோடு நின்றால் இல்லை என்பதே என் பதில். ஆனால் திருப்பாடல் ஓதலின் அமைப்பைப் பாருங்கள். மடத்தில் பாடுகிறவர்கள் இரண்டு அணியாக எதிரெதிரே நிற்பார்கள். ஒரு வசனம் இவர்கள், அடுத்தது அவர்கள். வசனத்தின் நடுவே ஒரு மூச்சு நிறுத்தம் உண்டு. தனியாகச் செபிக்கிறவருக்கு எப்போதும் இல்லாமல் போனது அந்த எதிரணிதான். ஒலிப்பதிவு அதைக் கொடுக்கிறது. ஒரு பக்கத்தோடு சேர்ந்து நீங்கள் பாடலாம், மறுபக்கம் பாடும்போது சும்மா இருக்கலாம். பதிவு உங்களுக்காகக் காத்திருக்காது. அது ஒரு குறை. ஆனால் காத்திருக்காததால் நீங்கள் நிறுத்தத்தைக் கற்றுக்கொள்வீர்கள்.

லத்தீன் நமக்கு எதற்கு என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்வியே. சொலெம் சபையைச் சேர்ந்த கெர்கொனான் மடத்தில் இந்த மெட்டுகளில் வளர்ந்த ஆன்ரி லெ சோ, 1950-இல் ஜூல் மோன்ஷனேனுடன் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கே வேளைச் செபத்துக்குள் சமஸ்கிருதமும் தமிழும் வந்தன. திருப்புகழ்மாலையை இரண்டு அணியாகத் தமிழில் பாடி, நாளுக்கு நாள் பதிந்து வைக்க நம் குருமடங்களுக்கோ கன்னியர் மடங்களுக்கோ பெரிய செலவு ஆகாது. இரண்டு நல்ல மைக் போதும். யாராவது செய்யவேண்டும்.

அதுவரை, தொடங்க நினைப்பவர்கள் இரவு செபத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ் விவிலியத்தில் 4, 91, 134 ஆகிய மூன்று திருப்பாடல்கள், பத்துப் பதினைந்து நிமிட வேலை. இன்றைய ஒழுங்கில் ஒவ்வொரு நாளுக்கும் வேறு திருப்பாடல் உண்டு. ஆனால் மனப்பாடமாகச் சொல்ல விரும்புகிறவர்கள் ஞாயிறு இரவு செபத்தையே எல்லா நாளும் சொல்லலாம் என்று அதே ஒழுங்கு அனுமதிக்கிறது. பதிவை அணைத்துவிட்டும் பாட வந்தபின் மாலை செபத்துக்குப் போகலாம். அதற்கு ஒரே பதிவு போதாது, நூலும் கையில் வேண்டும்.