தானியங்கித் தரவேற்றத்தில் விடுபடும் பதிவுகள்: கம்பம் பள்ளத்தாக்கின் மழைக்கணக்கு

தானியங்கித் தரவேற்றம் என்பது கருவியோ அலுவலகமோ அனுப்பும் பதிவுகளைக் கைபடாமல் தரவுத்தளத்தில் சேர்க்கும் ஏற்பாடு. அவற்றில் சில வழியிலேயே நழுவிவிடும். தவறான எண் உள்ளே வந்தால் யார் கண்ணிலாவது படும்; வராத எண்ணுக்கோ பார்ப்பதற்கு ஏதுமில்லை. என்னென்ன வரவேண்டும் என்ற பட்டியல் முன்கூட்டியே தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் எது வரவில்லை என்று சொல்ல முடியும். நிரல் தடங்கலின்றி ஓடி முடிந்ததை முழுமைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கோவிட் தொற்றுகளைத் தன் தினசரி எண்ணிக்கையில் சேர்க்கத் தவறியது. ஆய்வகங்கள் அனுப்பிய பட்டியல்கள் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றப்பட்டன; 65,536 வரிசைகளுக்கு மேல் அந்த வடிவம் கொள்ளாது. மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. அனுப்பியது எத்தனை, ஏறியது எத்தனை என்று இரண்டு எண்களையும் அன்றன்று ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கு அமைந்த தேனி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கடினமானது. முல்லைப் பெரியாறு அணை, தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம், வீரபாண்டி, சண்முகாநதி, போடி, வைகை அணை, மஞ்சளாறு, சோத்துப்பாறை எனப் பல இடங்களின் மழையளவு நாள்தோறும் தொகுக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவத்தில் பெரியாறு அணையின் நீர்ப்பிடிப்பில் மழை கொட்டும்போது, மலைக்குக் கிழக்கே மழைமறைவில் கிடக்கும் பள்ளத்தாக்குக்குச் சாரல் விழுந்தாலே பெரிது. ஜூலை மாதத்தில் உத்தமபாளையத்துக்கு நேரே 0.0 மி.மீ. என்றிருந்தால் யாரும் ஐயப்பட மாட்டார்கள். மழைமானி பழுதாகித் தகவலே வராத நாளில், வெற்றிடத்தைப் பூச்சியத்தால் நிரப்பும் நிரலும் அதே 0.0-ஐத்தான் எழுதும். மழை பெய்யவில்லை என்பது ஓர் அளவீடு. அளக்கவில்லை என்பது அளவீடே அல்ல. இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே உருவில் நின்றுவிட்டால், பிற்பாடு எந்தப் புள்ளியியலாலும் பிரித்தெடுப்பது அரிது. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளையே இந்திய வானிலை ஆய்வுத் துறை மழைநாள் என்று கணக்கிடுகிறது. போலிப் பூச்சியங்கள் கலந்தால் மழைநாள் எண்ணிக்கையும் சராசரியும் சேர்ந்தே சரியும்.

இழப்புகள் எல்லாம் கருவியில் நேர்வதில்லை. பல, பெயரிலும் நேரத்திலும் நேர்கின்றன. தேனியில் ஒரு கூடலூர், நீலகிரியில் ஒரு கூடலூர். ஆந்திரத்திலும் கம்பம் என்றோர் ஊர் உண்டு. ஊர்ப்பெயரையே அடையாளமாகக் கொண்ட அட்டவணையில் இரண்டாவதாக வரும் கூடலூர் முதல் கூடலூரை அழித்துவிடும், அல்லது இரட்டிப்பு என்று தள்ளப்படும். நிலையத்துக்குத் தனி எண் தருவதே இதற்கு மாற்று. 1996-இல் பிரிக்கப்படும்வரை தேனி, மதுரை மாவட்டத்தில் இருந்ததால், மாவட்டப் பெயரால் தேடுபவருக்குப் பழைய ஆண்டுகள் காணாமல் போனவையாகவே தோன்றும். நேரத்தின் கதையும் இதுதான். மழையை அளப்பதற்கான நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. உலகப் பொது நேரத்தில் அது 3 மணி. அந்த மாற்றத்தைச் செய்யாத நிரலில், காலை 8.30-க்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே பெய்த மழை ஒரு நாள் முன்னே போய்ச் சேரும். மாதத்தின் கூட்டுத்தொகை ஏறக்குறைய சரியாகவே இருப்பதால் தணிக்கையில் இது தப்பிவிடும்.

வரம்புச் சோதனையும் மெய்யான பதிவை விழுங்கக்கூடும். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 1979-க்குப் பின் 136 அடிக்குள் நிறுத்தப்பட்டது; 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அவ்வாண்டு நவம்பரிலேயே நீர் 142 அடியைத் தொட்டது. 136-ஐ உச்ச வரம்பாக எழுதிவைத்த எந்த நிரலும், முப்பத்தைந்து ஆண்டுகளில் மிக முக்கியமான அந்த அளவுகளைப் பிழை என்று ஒதுக்கியிருக்கும். வரம்பு மீறியதை நீக்காமல், குறியிட்டுத் தனியே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

விடுபட்டதை அக்கம்பக்கத்து நிலையங்களின் சராசரியால் நிரப்பினால் என்ன என்று கேட்கப்படுகிறது. சமவெளியில் அது ஓரளவு பொருந்தலாம். மலைமுகட்டுக்கு இருபுறமும் மழை வேறாகப் பெய்யும் இடத்தில், தேக்கடியைக் கொண்டு கம்பத்தை மதிப்பிடுவது கற்பனையே. மழைக்கு மாறாக, நீர்ப் பங்கீட்டில் நம்பகமான குறுக்குச் சான்று உண்டு. பெரியாறு அணையின் நீர் சுரங்கம் வழியே லோயர்கேம்ப் மின் நிலையத்துக்கு இறங்குகிறது. அங்கே மின்சாரம் உற்பத்தியான நாளில் நீர் வெளியேற்றம் பூச்சியமாக இருக்க முடியாது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்துக்கான நீர்க்கணக்கு இத்தகைய சான்றுகளோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொரு மறுப்புக்கு எடை அதிகம்: ஒரு நிலையம் வரவில்லை என்று மொத்தத் தரவேற்றத்தையும் நிறுத்தினால் வெள்ள எச்சரிக்கை தாமதமாகாதா? வைகை அணையில் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. கடைசி இரண்டுக்கும் இடைவெளி அரை அடிதான். நிறுத்தவே கூடாது என்பது சரி. வந்ததை உடனே காட்டி, எந்த நிலையம் வரவில்லை என்பதையும் அதே அறிக்கையில் அச்சிடுவதே வழி.

தடைப்பட்ட இணைப்பு மீண்டபின் வரும் எண்ணிலும் கவனம் தேவை. கருவி மூன்று நாள் மழையையும் சேர்த்து வைத்து ஒரே அளவாக அனுப்பினால், அது ஒரு நாளின் பெருமழையாகப் பதிவாகும். வந்த எண்ணை வந்தபடியே காத்து, அது எந்த நாள் முதல் எந்த நாள் வரையிலான திரட்டு என்று பக்கத்தில் குறித்து, இடைப்பட்ட நாள்களை வெற்றிடமாகவே விடவேண்டும்.