அழிக்கும் பொத்தானின் பயணம்

1951-இல், பூட்டுக்கும் பீரோவுக்கும் பேர்போன கோத்ரெஜ் நிறுவனம் மும்பை விக்ரோலி ஆலையில் வாக்குப்பெட்டி செய்யத் தொடங்கியது. முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி என்பதால் பெட்டிகள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டன. பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் அங்கிருந்தே போயின. வெளிப்பூட்டு வைத்தால் விலை கட்டுப்படியாகாது. அதனால் உள்ளுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும்படி மூடியை அமைத்தார்கள்.

வாக்குப்பதிவுக்கு முன் அலுவலர் பெட்டியைத் திறந்து காட்டுவார். உள்ளே ஒன்றுமில்லை என்பதை முகவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்கள். பிறகுதான் பூட்டும் முத்திரையும்.

பெட்டியின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதும் சிக்கல் வந்தது. சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று யார் எட்டிப் பார்க்க முடியும்? 1982-இல் கேரளத்தின் பரவூரில் ஐம்பது சாவடிகளில் முதன்முதலாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் இறங்கியது. நம் எழுத்தாளர் சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபோது இதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க இந்த இயந்திரம்தான்.

பெட்டியைத் திறந்து காட்டிய சடங்கு இயந்திரத்தில் 'கிளியர்' பொத்தானாக மாறியது. காலையில் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைந்தது ஐம்பது வாக்கு. பிறகு 'குளோஸ்', அடுத்து 'ரிசல்ட்', கடைசியில் 'கிளியர்'. வரிசை மாற்றி அழுத்தினால் இயந்திரம் 'இன்வேலிட்' என்று காட்டிவிட்டு நிற்கும். பதிவானதை எல்லோரும் பார்த்த பிறகுதான் அது அழியும். அழித்ததும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் பூஜ்யம் காட்டும். பின்னர் முகவர்கள் கையெழுத்திட்ட முத்திரைத் தாளோடு 'கிளியர்' பொத்தான் உள்ள பகுதியின் கதவு மூடப்படும். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று இயந்திரம் யாரையும் கேட்பதே இல்லை.

கணினியில் கோப்புகளை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையின் கதை வேறு. 1971-இல் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்தது அது. அன்றைய தட்டச்சு முனையம் நொடிக்குப் பத்தெழுத்துதான் அடிக்கும். ஆகவே கட்டளை சுருக்கமாக இருந்தது; பதிலோ மௌனம். எழுதத் தடைபோட்ட கோப்பு என்றால் மட்டும் ஒரு வார்த்தை கேட்கும். ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும் '-ஐ' விருப்பம் பின்னால் வந்தது. நூறு கோப்புக்கு நூறு முறை கேட்டால் விரல் படிக்காமலே 'ஒய்' அடிக்கப் பழகிவிடும். இன்றைய லினக்ஸில் உள்ள பெரிய எழுத்து '-ஐ' விருப்பம் இதைப் புரிந்துகொண்டது: மூன்றுக்கு மேல் கோப்பிருந்தாலோ, அடைவோடு அழித்தாலோ, ஒரே ஒரு முறை கேட்கும்.

1998-இல் பிக்ஸாரில் இந்தக் கட்டளை 'டாய் ஸ்டோரி 2' படக் கோப்புகளைத் தின்னத் தொடங்கியது. காப்புப் பிரதியும் கைகொடுக்கவில்லை. பணியாளர் ஒருவர் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

வரிசை ஒழுங்கு இருந்தும் நம் வாக்குப்பதிவு இயந்திரம் தப்பவில்லை. அது அவசரமாக அழிப்பதைத் தடுக்கும். அழிக்க மறப்பதைத் தடுக்காது. 2019-இல் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் மாதிரி வாக்குகளை அழிக்காமலே சில சாவடிகளில் பதிவு தொடங்கிவிட்டது. அத்தகைய இயந்திரத்தை ஒதுக்கிவைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அதில் பதிவான வாக்குகளைவிடக் குறைவென்றால், ஒவ்வொரு வாக்குக்கும் அச்சாகும் விவிபாட் சீட்டுகளை எண்ணுவார்கள். இங்கேயும் காப்பாற்றுவது இரண்டாவது பதிவேடுதான்.

எனவே கோப்புக் கருவி செய்வோர் கேள்வியை நம்பியிருக்க வேண்டாம். அழியப்போவதை முதலில் காட்டட்டும், அழித்ததைச் சில நாள் எடுத்துவைக்கட்டும், ஒரு கேள்வி கேட்பதென்றால் பெரிய இழப்புக்கு மட்டும் கேட்கட்டும். பயன்படுத்துவோருக்குச் சொல்ல ஒன்றுதான்: பிரதி இல்லாத கோப்பின் மேல் ஆர்எம் அடிக்காதீர்கள்.