கனவானை உருவாக்கிய கைகள்: டிக்கன்ஸின் வளர்ச்சி நாவலொன்றை ஏன் இன்றும் பயில வேண்டும்?

1

கடந்த காலத்தின் செவ்வியல் நாவல்களை முற்போக்கு இலக்கிய நோக்குடையோர் எவ்வாறு அணுகுவது என்ற வினா புதியதன்று. இவ்வினாவுக்கு இரு விடைகள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. அந்நாவல்கள் காலத்தையும் வர்க்கத்தையும் கடந்த மானுட உண்மைகளைப் பேசுவன, ஆதலின் என்றும் நிலைக்கும் என்பது ஒன்று. அவை பூர்ஷ்வா வர்க்கத்தின் கருத்துநிலையைச் சுமந்து நிற்பன, ஆதலின் இன்று நமக்கு வேண்டாதன என்பது மற்றது. ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றினும் இவ்விரு விடைகளும் ஒரு குறைபாட்டைப் பொதுவாகக் கொண்டுள்ளன: இரண்டுமே நூலை அது தோன்றிய வரலாற்றினின்றும் பிரித்து நோக்குகின்றன.

சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘கிரேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்’ (பெரும் எதிர்பார்ப்புகள்) என்னும் நாவலை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். 1860 டிசெம்பரிலிருந்து 1861 ஓகஸ்ற் வரை அவரது வார ஏட்டில் இது தொடராக வெளிவந்தது. கல்வியாலும் பணத்தாலும் ‘உயர்ந்த’ மனிதனொருவன் எவருடைய உழைப்பின்மேல் நிற்கிறான் என்பதை இந்நாவல் காட்டுமளவுக்குத் தெளிவாகக் காட்டும் வளர்ச்சி நாவல்கள் மிகச் சில. இன்றும் அது வாசிக்கத்தக்கது என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

2

சிறுவனொருவன் இளைஞனாகி, உலகுடன் மோதி, அதில் தனக்குரிய இடத்தைக் கண்டடையும் கதையை ஜேர்மானிய விமர்சகர் தனியொரு நாவல் வகையாக இனங்கண்டனர். கேதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்ரர்’ (1795–96) அதன் முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது. இவ்வகை தோன்றிய காலம் மனங்கொளத்தக்கது. தந்தையின் தொழிலே மகனின் தொழில், பிறந்த இடமே வாழ்விடம் என்றிருந்த நிலவுடைமைச் சமுதாயத்தில் ‘நான் என்னவாகப் போகிறேன்?’ என்ற கேள்வி எழுவதற்கு இடமில்லை. முதலாளித்துவம் பழைய பிணைப்புகளை அறுத்து, மனிதனைத் தனியனாகச் சந்தையில் நிறுத்தியபோதுதான் இளமை என்பது ஒரு பிரச்சினையாயிற்று. பிரச்சினையானமையாலேயே நாவலுக்கும் பொருளாயிற்று.

ஆங்கில நாவலில் இப்பிரச்சினைக்குப் பெரும்பாலும் எளிதான தீர்வொன்று காணப்பட்டது. டிக்கன்ஸின் ‘ஒலிவர் ருவிஸ்ற்’ (1837–39) இதற்குத் தக்க சான்று. ஏழைகள் விடுதியிற் பிறந்து திருடர் நடுவே வளரும் ஒலிவர் நற்குடியிற் பிறந்தவனென்பது இறுதியில் வெளிப்படுகிறது. அதாவது சமுதாயம் அவனை மாற்றவில்லை. தவறுதலாக இழந்த இடத்தை அவன் மீளப் பெறுகிறான். இரகசியம் வெளிப்படும்போது ஒழுங்கு காப்பாற்றப்படுகிறது.

இருபத்துச் சொச்சம் ஆண்டுகளின் பின்னர் அதே ஆசிரியர் அதே கதைக்கூற்று முறையைத் தலைகீழாக்குகிறார். பெற்றோரை இழந்த பிப், தமக்கையின் கணவனான ஜோ என்னும் கொல்லனின் உலைக்களத்தில் வளர்கிறான். முகந்தெரியாத ஒருவர் வழங்கும் பெரும் பணத்தால் இலண்டன் சென்று கனவானாகிறான். பணம் மிஸ் ஹவிஷாம் என்னும் செல்வச் சீமாட்டியுடையது என்றே அவன் நம்புகிறான். ஆனால் இரகசியம் வெளிப்படும்போது நற்குடிப் பிறப்பு எதுவும் வெளிவருவதில்லை. சிறுவயதில் சதுப்புநிலத்துக் கல்லறைகளிடையே அவனை மிரட்டி உணவும் அரமும் பெற்ற தப்பியோடிய கைதி மாக்விச்சே பணத்தின் ஊற்று. ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டிய இரகசியம் இங்கு அவ்வொழுங்கின் அடித்தளத்தையே அம்பலப்படுத்திவிடுகிறது.

இம்மாற்றத்தில் ஆசிரியரின் சொந்த வாழ்வுக்கும் பங்குண்டு. 1824இல் அவருடைய தந்தையார் மார்ஷல்சி கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டபோது பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ், சப்பாத்துக்குப் பூசும் கறுப்பு மை தயாரிக்கும் தொழிற்சாலையிற் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார். புகழின் உச்சியிலும் அவர் இதனை வாசகருக்கு வெளியிடவில்லை. இறந்தபின் 1872இல் பொஸ்ரர் எழுதிய வாழ்க்கை வரலாற்றினாலேயே உலகம் அதனை அறிந்தது. உழைத்த கைகளை மறைக்கும் வெட்கம் எத்தகையது என்பதை டிக்கன்ஸ் பிறரிடம் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை.

3

நாவல் முழுவதிலும் கைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹவிஷாமின் மாளிகையில் எஸ்டெல்லா என்ற சிறுமி பிப்பின் கைகள் முரடானவை, சப்பாத்துகள் தடித்தவை என்று ஏளனம் செய்கிறாள். அந்நாள்வரை தன் கைகளைப் பற்றி எண்ணியிராத சிறுவன் அன்றுமுதல் அவற்றுக்காக வெட்கமடைகிறான். வர்க்கம் என்பது பொருளாதார உறவு மட்டுமன்று, உடலில் ஏறும் உணர்வுமாகும் என்பதை இதனிலும் சுருங்கச் சொல்ல முடியாது. சட்டத்தரணி ஜாகர்ஸ் தம் கட்சிக்காரரைச் சந்தித்த பின்னர் ஒவ்வொரு முறையும் வாசனைச் சவர்க்காரத்தாற் கைகழுவுகிறார். எஸ்டெல்லாவோ மாக்விச்சின் மகள். அவளுடைய தாய், ஜாகர்ஸின் வீட்டிலே தழும்பேறிய மணிக்கட்டுகளுடன் பணிபுரியும் மோலி. பிப்பின் கைகளைப் பழித்தவளின் மென்மையும் தயாரிக்கப்பட்ட ஒன்றே.

கனவான்தன்மை எவ்வாறு தயாரிக்கப்படுகிறது என்பதை டிக்கன்ஸ் எள்ளலுடன் விளக்குகிறார். ஹவிஷாமின் தந்தையார் பியர் வடிசாலை நடத்தியவர். பாண் சுடுபவன் கனவானாக முடியாது, பியர் வடிப்பவன் கனவானாக இருக்கலாம் என்று பிப்பின் நண்பன் ஹேபேட் அவனுக்கு எடுத்துரைக்கிறான். இதற்கு நியாயம் எதுவுமில்லை. மூலதனத்தின் அளவே நியாயம். இயங்காத வடிசாலையும், எட்டு மணி நாற்பது நிமிடத்தில் நிறுத்தப்பட்ட மணிக்கூடுகளும், அழுகும் திருமண விருந்தும் உற்பத்தியிலிருந்து விலகி வாடகையில் உயிர்வாழும் வர்க்கமொன்றின் படிமமாக நிற்கின்றன.

சட்டமும் இதே அளவுகோலையே கையாளுகிறது. கொம்பேசன், மாக்விச் இருவரும் ஒரே குற்றத்துக்காக விசாரிக்கப்படுகின்றனர். திட்டம் தீட்டியவன் கொம்பேசன். அவனுடைய உடையும் பேச்சும் கல்வியும் கனவானுக்குரியவை. ஆதலின் அவனுக்கு ஏழாண்டுத் தண்டனை. ஏவலாளான மாக்விச்சுக்குப் பதினான்கு ஆண்டுகள். பின்னர் ஆயுள் முழுவதற்கும் நாடுகடத்தப்பட்ட அவன் திரும்பிவந்து பிடிபடும்போது, முப்பத்திரண்டு ஆண்களும் பெண்களும் ஒரே வேளையில் மரணதண்டனை பெறும் மன்றில் அவனும் ஒருவனாக நிற்கிறான்.

4

இங்கு வரலாற்றுப் பின்னணியைச் சற்று விரித்து நோக்குதல் அவசியமாகின்றது. அமெரிக்கக் குடியேற்றங்கள் கிளர்ந்தெழுந்ததும் பிரித்தானிய அரசு தன் கைதிகளை அங்கு அனுப்ப முடியாதுபோயிற்று. 1776 முதல் பாய்மரமிழந்த பழங்கப்பல்கள் சிறைகளாயின. நாவலின் தொடக்கத்தில் மாக்விச் தப்பிவருவது அத்தகைய கப்பலொன்றிலிருந்தே. 1788இல் முதற் கைதிக் கப்பல்கள் நியூ சவுத் வேல்ஸை அடைந்தன. கடைசிக் கப்பல் மேற்கு அவுஸ்திரேலியாவை அடைந்த 1868 வரையில் ஏறத்தாழ 1,60,000 பேர் இவ்வாறு கடல்கடத்தப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுதிருட்டுக்குத் தண்டிக்கப்பட்ட வறியோர். நியூ சவுத் வேல்ஸில் அவர்கள் தனியார் பண்ணைகளுக்குக் கூலியின்றி ஒதுக்கப்பட்டனர். பிரித்தானிய ஆலைகளுக்கு வேண்டிய கம்பளியின் பின்னால் இவ்வுழைப்பு இருந்தது.

உழைப்பாளர் இன்றி மூலதனம் வெறும் பொருட்குவியலே என்பதை விளக்குவதற்கு மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தின் (1867) இறுதி அத்தியாயத்தில் அவுஸ்திரேலியாவையே உதாரணமாகக் காட்டினார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. பீல் என்னும் கனவான் பணத்தோடும் கருவிகளோடும் தொழிலாளர் குடும்பங்களோடும் சுவான் ஆற்றங்கரைக்குச் சென்றார். நிலம் எளிதாகக் கிடைத்தமையால் தொழிலாளர் அவரை விட்டகன்றனர்; படுக்கை விரிக்கவும் ஆளின்றி அவர் நின்றார். மாக்விச்சின் கதையோ இதன் மறுபக்கம். தன் உழைப்பை விட்டகல முடியாதவனாய் ஆடு மேய்த்தவன், எசமான் இறக்கும்போது விட்டுச்சென்ற பணத்தாற் பண்ணையாளனாகிறான். சேர்த்ததனைத்தையும் பிப்புக்கு அனுப்புகிறான்.

ஆயின் டிக்கன்ஸ் மாக்விச்சை வெறும் தியாகியாக ஆக்கவில்லை. தன்னை இகழ்ந்த குடியேற்றச் செல்வர்முன் தனக்குச் சொந்தமாக ஒரு கனவான் இருக்கிறான் என்பதே அவனது பெருமை. தன்னை நசுக்கிய அளவுகோலையே அவன் வாங்கிவிட முயல்கிறான். ஹவிஷாம் எஸ்டெல்லாவைப் பழிவாங்கும் கருவியாக வளர்த்ததைப்போல மாக்விச் பிப்பை உடைமையாக வளர்த்தான். மனிதர் பண்டமாகும் சமுதாயத்தில் அன்புகூட உடைமை வடிவம் எடுக்கிறது. பிப் அவனை முதலில் அருவருக்கிறான். பின்னர் சிறை மருத்துவ அறையில் அவன் இறக்கும்வரை கையைப் பற்றியிருக்கிறான். பிப்பின் உண்மையான வளர்ச்சி இதுவே. அவனுக்கு அப்போது பணமில்லை; தண்டிக்கப்பட்டவனின் சொத்து அரசுக்குரியது என்ற சட்டம் (அது 1870இலேயே நீக்கப்பட்டது) அனைத்தையும் எடுத்துக்கொண்டது.

5

இந்நாவலின் எல்லைகளையும் மறைத்தலாகாது. நியூ சவுத் வேல்ஸின் ஆட்டுப்பண்ணைகள் ஆதிக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில் எழுந்தவை. அம்மக்கள் இந்நாவலில் இல்லை. எட்வேட் செயித் ‘பண்பாடும் ஏகாதிபத்தியமும்’ (1993) என்ற நூலில் மாக்விச் நாடு திரும்ப இயலாமை ஏகாதிபத்திய ஒழுங்கின் விதியென்பதை எடுத்துக்காட்டினார். மேலும் பிப் இறுதியில் கீழைத்தேச வணிகம் செய்யும் நிறுவனமொன்றில் ‘நேர்மையான’ தொழில் பெறுகிறான். அந்நிறுவனத்தில் ஹேபேட்டுக்குப் பங்கு வாங்கப் பிப் முதலிற் கொடுத்த பணம் மாக்விச்சினுடையது. எஞ்சிய 900 பவுணைக் கொடுத்தவர் வடிசாலை வாரிசான ஹவிஷாம். நேர்மையான தொழிலின் முதலும் எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியர் எழுதிவிட்டுக் கடந்து செல்கிறார். நாம் கடந்து செல்லவேண்டியதில்லை.

இவ்விடத்தில் நமது தீவும் நாவலில் ஒரு கணம் தோன்றுகிறது. கையிற் காசற்ற ஹேபேட் தன் வணிகக் கனவுகளை அடுக்குகிறான்: மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீனி, புகையிலை, றம், இலங்கையிலிருந்து யானைத் தந்தம். இலங்கை ஆண்யானைகளுள் தந்தமுடையவை மிகச் சிலவே. அவ்வசனம் அச்சேறிய ஆண்டுகளில் இத்தீவின் பிரதான ஏற்றுமதி தந்தமன்று, கோப்பி. அதனை விளைவித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். தூரத்து நிலத்தின் உழைப்பு இலண்டன் இளைஞனின் கண்ணுக்கு எவ்வாறு விந்தைப் பொருளாக மட்டும் தெரிகிறது என்பதற்கு அறியாமலே எழுதப்பட்ட சான்று இது.

டிக்கன்ஸ் சமூகப் புரட்சியாளர் அல்லர். 1865இல் ஜமேக்காவில் மொறன்ற் பே எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆளுநர் எயரை ஆதரித்தோருள் அவரும் ஒருவர். எனினும் 1854இல் மார்க்ஸ் அக்கால ஆங்கில நாவலாசிரியரை விதந்து கூறியபோது டிக்கன்ஸையும் குறிப்பிட்டார். இதில் முரண்பாடு இல்லை. பல்சாக்கைப் பற்றி ஏங்கல்ஸ் 1888இல் எழுதிய கடிதத்தில் விளக்கியதுபோல, யதார்த்தவாதம் ஆசிரியனின் அரசியல் விருப்பையும் மீறி உண்மையைக் கொணரவல்லது.

6

பிப்பின் அறைக்கு ஜோ வரும் காட்சியை எடுத்துக்கொண்டு இக்கட்டுரையை நிறைவு செய்வோம். பொருந்தாத உடையுடன், தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாது தடுமாறி, தான் வளர்த்த பிள்ளையை ‘ஐயா’ என்று விளிக்கிறான் ஜோ. பிப் பொறுமையிழக்கிறான். பின்னர் பிப்பின் கடன் 123 பவுண் 15 சிலின் 6 பென்சை ஓசையின்றிச் செலுத்திவிட்டு விடியுமுன் ஊர் திரும்பிவிடுபவனும் இதே ஜோதான்.

இலங்கையில் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, விவசாயி வீட்டுப் பிள்ளையையும் மீனவர் வீட்டுப் பிள்ளையையும் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டுவந்தது. நம்முட் பலர் அவ்வழியே வந்தோர். சாறன் உடுத்துப் பொதியுடன் விடுதி வாசலில் நின்ற தந்தையை நண்பருக்கு அறிமுகஞ்செய்யத் தயங்கியோர் நம்முள் இல்லையென்று கூற நம்மால் இயலாது. அதனினும் பெரிய கடனொன்று உண்டு. இலவசக் கல்வியைத் தாங்கிய அரசிறையின் கணிசமான பகுதி தேயிலையிலிருந்து வந்தது. அத்தேயிலையைப் பறித்தவர்களுட் பெரும்பாலோர் 1948–49 சட்டங்களாற் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். அவர்தம் பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கொழும்பிலும் நாம் பெற்ற பட்டங்களின் மாக்விச்சுகள் மலையகத்து லயன் அறைகளில் இருந்தனர்.

பிப் தன் கொடையாளர் யாரென அறிய விரும்பியபோது மாளிகையை நோக்கினான். உண்மை சதுப்புநிலத்திலிருந்து வந்தது. கற்றோர் வர்க்கம் தன்னை உருவாக்கிய கைகளைத் தேடவேண்டிய திசை எதுவென்பதை இந்நாவல் 1861இலேயே காட்டிவிட்டது. அத்திசையில் நடப்பது வாசகரின் பொறுப்பு.