தாம்பரம் சானடோரியமும் சென்னைக் காசநோய் ஆய்வும்

சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டு மின்ரயில் பாதையில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். நாள்தோறும் இங்கு இறங்குவோரில் பலருக்கு இது ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. உண்மையில் இது ஒரு மருத்துவமனையின் பெயர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தின் மருத்துவ முறையை இப்பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது.

தோற்றம்

இச்சானடோரியத்தை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் சவுரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய்ச் சானடோரியம் நடத்தியவர் இவர். கணித மேதை இராமானுஜன் 1917-இல் சிகிச்சைக்காகச் சேர்ந்தது அங்குதான். தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே அன்றைய சிகிச்சை. நகர நெரிசலுக்கு வெளியே, மரங்கள் அடர்ந்திருந்த தாம்பரம் அதற்கு ஏற்ற இடமாக இருந்தது. 1937-இல் அரசு இதனை ஏற்றுக்கொண்டது.

எண்கள் எழுப்பிய சிக்கல்

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் மருந்தும், 1952-இல் ஐசோநியாசிட்டும் பயன்பாட்டுக்கு வந்தன. ஆனாலும் நோயாளியை ஓராண்டு மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கை நீடித்தது. 1955–58-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, மக்கள் தொகையில் ஏறத்தாழ 1.5 சதவீதத்தினருக்கு நுரையீரல் காசநோய் இருக்கலாம் என்று காட்டியது. அதாவது நோயாளிகள் பல இலட்சம். நாட்டில் இருந்த படுக்கைகளோ சில பத்தாயிரம். அனைவரையும் சானடோரியத்தில் சேர்ப்பது எந்த அரசாலும் இயலாது. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா என்பதே கேள்வி.

சென்னை ஆய்வு

இதற்கு விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. ஆய்வை வழிநடத்தியவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வீட்டிலும் மறு பிரிவுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டுச் சிகிச்சை. மருந்து இரண்டிலும் ஒன்றே: ஐசோநியாசிட்டும் பாஸும். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. மருத்துவர் தேர்ந்தெடுத்தால் நோய் முற்றியவர்கள் மருத்துவமனைக்குச் சென்றிருப்பார்கள், ஒப்பீடே பொருளற்றுப் போயிருக்கும்.

1959-இல் முடிவு வெளியானது. நோய் தணிந்தவர்கள் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியப் பிரிவில் 92 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் சானடோரியமே வென்றது. ஆனால் இறுதிக் கணக்கில் ஒவ்வொரு பிரிவிலும் இருந்தவர்கள் ஏறத்தாழ 80 பேர். அப்படியானால் 6 சதவீத வேறுபாடு என்பது ஐந்து பேர் மட்டுமே. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம் என்பது புள்ளியியலின் பாலபாடம். வீட்டுப் பிரிவினர் உண்ட உணவு குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் இந்த முடிவு கிடைத்தது.

நோயாளி வீட்டில் இருந்தால் குடும்பத்தாருக்குத் தொற்றாதா என்ற அச்சம் எஞ்சியது. குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1966-இல் வெளிவந்தது. வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று அது காட்டியது. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது.

கொள்கையும் விடுபட்டதும்

1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. உலக நாடுகளும் அவ்வழியே சென்றன; சானடோரியங்களின் காலம் முடிந்தது.

ஆனால் ஆய்வின் ஒரு பகுதி கொள்கைக்குள் முழுமையாக வரவில்லை. சென்னை மையத்தின் பணியாளர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கு ஓயாது சென்றார்கள்; முன்னறிவிப்பின்றி மாத்திரைகளை எண்ணினார்கள்; சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டதை உறுதி செய்தார்கள். அந்த 86 சதவீதம் மருந்தின் வெற்றி மட்டுமன்று, இந்தக் கண்காணிப்பின் வெற்றியும்கூட. நாடு தழுவிய திட்டத்துக்கு இவ்வளவு பணியாளர்கள் கிடைக்கவில்லை. இடையில் மருந்தை நிறுத்தியோர் பெருகினர். 1997-இல் திட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் பார்க்க மருந்து உட்கொள்ளும் முறை வந்தது. ஓர் ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எந்தச் சூழலில் கிடைத்தது என்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

இன்று

தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கிய நாட்டின் முதல் மையங்களுள் இதுவும் ஒன்று. சென்னையை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், 2001 முதல் பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் களத் தொற்றுநோயியல் கற்பித்து வருகிறது.

2022-இல் அந்நிறுவனமும் தமிழ்நாடு அரசும் இணைந்து ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ தொடங்கின. நோய் கண்டறிந்தவுடனே எடைக் குறைவு, மூச்சுத் திணறல், எழுந்து நிற்க இயலாமை போன்றவற்றைச் சோதித்து, கடும் நிலையில் உள்ளோரை மருத்துவமனையில் சேர்ப்பது இதன் முறை. பெரும்பாலோருக்கு வீடே போதும் என்று சென்னை ஆய்வு சொன்னது. அந்தப் பெரும்பாலோருக்குள் அடங்காதவர் யார் என்று தேடுவது இன்றைய பணி. அத்தகையவருக்குப் படுக்கை இன்னும் தேவைப்படுகிறது.